துரு சார் தொடாத வண்டி

காலை ஆறு மணி பத்து நிமிடம். அயனம்பாக்கத்தில் நாங்கள் குடிவந்த முதல் வாரம். துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போன நான் முதலில் பார்த்தது ஒரு கோடரியை. யாருடைய நைட்டிக்கும் யாருடைய பள்ளிக்கூடச் சட்டைக்கும் நடுவே, பிடியில் கிளிப் மாட்டி, கொடியில் அதைத் தொங்கவிட்டிருந்தார்கள். அலகில் ரத்தம். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. நைட்டி ஆடியது, சட்டை ஆடியது, கோடரியும் ஆடியது.

நாளிதழில் பல வருடம் குற்றச் செய்திகளைத் திருத்தியவன் நான். ரத்தம் கறுத்திருந்ததால் அது பழைய ரத்தம் என்று உடனே புரிந்தது. கோடரி எப்படிக் காற்றில் ஆடும் என்பதுதான் புரியவில்லை.

"தொட்டுடாத சார், இன்னும் காயல" என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

எட்டிப் பார்த்தேன். கைலி கட்டிய ஒரு மனிதர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கடையிலிருந்து அப்போதுதான் வந்தது போல் மின்னிய ஒரு பித்தளைச் சொம்பின் மேல், வடிகட்டி எடுத்த டீத்தூளைப் பரிவோடு அப்பிக்கொண்டிருந்தார். குழந்தைக்கு நலுங்கு வைப்பது போலிருந்தது.

உலகத்தில் எல்லோரும் பழசைப் புதுசாக்கத்தான் பாடுபடுகிறார்கள். புதுசாக ஒன்றைக் கண்டால் நெஞ்சு பொறுக்காமல், அதைப் பழசாக்கிவிட்டுத்தான் அன்றைய சோற்றில் கைவைத்த ஒரே மனிதர் துரு சார். அவருடைய நிஜப் பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்கள் குடியிருப்பில் யாருக்கும் தெரியாது.

அவருடைய தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய சினிமாப் படங்களில் வரும் பொருள்களை அச்சு அசலாக மறுபடி செய்து, அவற்றைச் சேகரிப்பவர்களுக்குக் கொடுப்பார். சேகரிப்பவர்கள் பெரும்பாலும் கணினிக் கம்பெனி ஆட்கள். ஒருவருக்கு வில்லன் உருட்டிக்கொண்டே பேசும் சிகரெட் லைட்டர் வேண்டும். இன்னொருவருக்குக் கதாநாயகன் இடைவேளைக்கு முன் உதைத்துத் திறக்கும் கதவு வேண்டும். கதவுக்கு ஃபிளாட்டில் இடமில்லை என்பதால் தாழ்ப்பாள் மட்டும் போதும். துரு சார் ரப்பர் அட்டையிலும் பிளாஸ்டிக் குழாயிலும் ஃபைபரிலும் அதைச் செய்வார். இரும்பு என்று தோன்றும் எதிலும் இரும்பு இருக்காது. அதனால்தான் கோடரி ஆடியது.

செய்வது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. செய்ததைப் பாழாக்குவதில்தான் உயிரை வைத்திருந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பாதி வாழ்க்கை பீரோக்களுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடித்தவர். "அத்தனி பீரோவும் ஒரே மாதிரி பளபளன்னு நிக்கும் சார். எதுக்கும் மூஞ்சியே இருக்காது" என்பார். பழசானால்தான் ஒரு பொருளுக்கு முகம் வரும் என்பது அவர் கட்சி.

துரு வரவைக்கும் முறையை எனக்கு ஒருமுறை செய்து காட்டினார். முதலில் துருவின் நிறத்தைப் பூசுவார். ஈரத்தோடு கல் உப்பைத் தூவுவார். அதன் மேல் இரும்பின் நிறத்தை அடித்துக் காயவிடுவார். பிறகு உப்பை உதிர்த்தால், உப்பு இருந்த இடமெல்லாம் அடியிலிருந்து துரு எட்டிப் பார்க்கும். கடைசியில் செங்கல் பொடி, காப்பித் தூள், ஏரிச் சேறு. இவற்றில் எந்த நேரத்தில் எது குழம்புக்கு, எது கோடரிக்கு என்பது அந்த வீட்டில் தெளிவாக இருந்ததில்லை.

ஆனால் இஷ்டத்துக்குக் கீறுபவர் அல்ல. அதற்கு ஒரு விதி வைத்திருந்தார்.

"கை எங்க படும், அத்தப் பாரு சார். கை படற எடம் வெளுக்கும். கை படாத எடம் துருப்புடிக்கும். அவ்ளோதான் மேட்டரு."

இந்த விதியை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவார். திருவேற்காடு கோயிலுக்குப் போனால் எல்லோரும் அம்மனைப் பார்ப்பார்கள். இவர் வரிசைக் கம்பியில் எந்த உயரத்தில் பெயிண்ட் போயிருக்கிறது என்று பார்ப்பார். அம்பத்தூர் ஸ்டேஷனில் மின்ரயில் வந்து நின்றால், வாசல் கம்பி எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பார்; ரயில் போய்விடும். ஒருநாள் தப்பித் தவறி ஏறிவிட்டார். ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி உட்கார்ந்தவர், ஆவடியில் இறங்க வேண்டியது, அரக்கோணத்தில் இறங்கினார். வீட்டுக்குப் போன் செய்து, "இங்க பெஞ்சியெல்லாம் ரொம்ப நல்லா கீதுமே" என்றாராம்.

அவரோடு ஏரிக்கரையில் நடப்பது ஒரு விசித்திர அனுபவம். மார்கழிக் காலையில் அங்கே தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அதில் ஒரு நீர்க்கோழி கோடு போட்டுக்கொண்டு போகும். துரு சார் நம்மோடுதான் நடப்பார். ஆனால் நமக்குப் பத்து வருடம் முன்னால் போய்க்கொண்டிருப்பார். புதிதாகக் கட்டிய வீட்டைப் பார்த்தால், "அந்த மூலையில பாசி வரும்" என்பார். என் புதுச் செருப்பைப் பார்த்து, "இடது குதிகால் மொதல்ல போவும் சார், நீ சாஞ்சி நடக்குற" என்றார். அவர் சொன்னபடியே போனது. அவரோடு நடந்துவிட்டு வீடு திரும்பினால், சுவர்களெல்லாம் லேசாக மங்கியிருப்பதாகத் தோன்றும்.

பீரங்கி விஷயத்தைச் சொல்லாவிட்டால் எங்கள் குடியிருப்புக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். யாரோ ஒருவருக்காக ஒரு பீரங்கி செய்து, வீட்டுக்குள் நுழையாததால் கார் நிறுத்தும் இடத்தில் வைத்திருந்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் சுத்தத்தில் தீவிரமானவர். துருப்பிடித்த பீரங்கியைக் கண்டு, இது எந்த வீட்டுக் குப்பை என்று விசாரிக்காமல், காயலான் கடைக்காரரை வரச்சொல்லிவிட்டார். வந்தவர் பீரங்கியைச் சுற்றி வந்தார். கண்ணில் பேராசை தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டினார். உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டார். காலை அகட்டி, மூச்சை அடக்கி, முழு பலத்தையும் கொடுத்துத் தூக்கினார். பீரங்கி தலைக்கு மேல் பறந்தது. அவர் அப்படியே மல்லாந்து தன் மூன்று சக்கர வண்டிக்குள் விழுந்தார்.

வாட்ச்மேன் முனுசாமி ஓடிப்போய்த் தூக்கினார். முனுசாமி இந்த ஊர்க்காரர். எங்கள் லிஃப்ட் இருக்கும் இடத்தில் முன்பு அவர்களுடைய மாட்டுக் கொட்டகை இருந்தது என்பதால் லிஃப்டில் ஏற மாட்டார். "இன்னா நைனா, வெயிட்டு எவ்ளோ இருந்துச்சி?" என்று கேட்டார். காயலான் கடைக்காரர் வண்டியை மிதித்துக்கொண்டு போய்விட்டார். அதன்பின் அவர் எங்கள் தெருவுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவரின் வீட்டில் புதுப்பொருள் எப்படி இருக்கும்? புதுக் குழாய் ஒரு வாரத்தில் பாழடைந்த சத்திரத்துக் குழாய் ஆகும். டி.வி. ரிமோட் தொல்பொருள் துறைக்குச் சொந்தமானது போலிருக்கும். சமையல் வாயு சிலிண்டரின் அடிவிளிம்பு அவருக்குப் பிடித்துப்போய் ஒருநாள் அதிலும் கைவைத்துவிட்டார். காலி சிலிண்டரை எடுக்க வந்த ஆள் வாசலிலேயே நின்று, "இத்த நான் தொட மாட்டேன், வெடிச்சா யார் பதில் சொல்றது?" என்றார். துரு சார் எச்சில் தொட்டுத் துருவை அழித்துக் காட்டிய பிறகுதான் தோளில் ஏற்றினார். உறவுக்காரக் கல்யாணத்துக்குப் போனபோது, புதுக் குத்துவிளக்கை ஆயிரம் வருடத்து விளக்காக மாற்றி அன்பளிப்பாகக் கொடுத்தார். பெண்ணின் தாய்மாமன் மேடையிலேயே, "எவனாச்சும் பாசி புடிச்ச வெளக்கு தருவானா யா?" என்று கேட்டுவிட்டார்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டு அந்த வீட்டில் ஒருவர் வாழ்ந்தார். அவர் மனைவி. அவருக்கும் பட்டப்பெயர்தான்: கியூ.சி. அக்கா.

கடவுளுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்பதற்கு இந்தத் தம்பதியைவிடச் சாட்சி வேண்டாம். அக்காவுக்கு அதே அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. தரப் பரிசோதனை, அதாவது கியூ.சி. வருகிற ஒவ்வொரு பாகத்தையும் டியூப்லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பிடித்து, கீறலோ துருவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பச்சைப் பேனாவால் ஒரு புள்ளி. இருந்தால் சிவப்புப் புள்ளி. பகலெல்லாம் கீறலை ஒழித்துவிட்டு, கருநீலக் கம்பெனிக் கோட்டோடு வீட்டுக்கு வந்தால், அங்கே கணவர் கூடத்தில் உட்கார்ந்து கீறிக்கொண்டிருப்பார்.

வேலையின் கண் வீட்டிலும் மூடாது. காய்கறி வண்டியில் கத்திரிக்காயைச் சூரியனுக்குச் சாய்த்துப் பிடிப்பார். "யக்கா, புள்ளி மட்டும் வெச்சிடாத" என்று வண்டிக்காரர் கெஞ்சுவார்.

துரு சார் எந்தப் பொருளை முடித்தாலும், பெட்டியில் போடுவதற்கு முன் அக்காவிடம் நீட்டுவார். அக்கா சாய்த்துப் பார்ப்பார். அடியில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார்.

"ரிஜெக்ட்."

"இன்னா கொறன்னு சொல்லுமே."

"தெரியலய்யா. எங்கியோ இடிக்குது. பொய் சொல்ற புள்ள மூஞ்சி மாதிரி கீது."

ஒரு பொருள்கூடத் தப்பவில்லை. லைட்டர், தாழ்ப்பாள், கோடரி, பீரங்கி எல்லாவற்றின் அடியிலும் சிவப்புப் புள்ளி. வாங்கியவர்கள் அதைப் பார்த்து, இது கலைஞரின் முத்திரை என்று முடிவுகட்டிவிட்டார்கள். சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில், 'சிவப்புப் புள்ளி இல்லாவிட்டால் அது டூப்ளிகேட்' என்று எச்சரிக்கையே சுற்றியது. டூப்ளிகேட்டுக்கு டூப்ளிகேட் வந்துவிடக் கூடாது என்று அவ்வளவு அக்கறை.

பாராட்டுகள் நிறைய வந்தன. துரு சார் அவற்றைப் படித்ததே இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒரு பச்சைப் புள்ளி.

அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதம் ஒரு ஸ்கூட்டர் வாங்கினார். வானநீல நிறம். வாழ்க்கையில் அவர் தனக்கென்று வாங்கிய முதல் புதுப்பொருள் அதுதான் என்று முனுசாமி சொன்னார். பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் நிறுத்திவிட்டு, கார் நிறுத்தும் இடத்தில் எங்கள் எல்லோர் முன்னிலையிலும் கணவரிடம் சொன்னார்:

"யோவ், இங்க பாரு. ஊட்ல கீற அத்தனியும் நீ பழசாக்கிட்ட. நான் ஒண்ணும் கேக்கல. இது ஒண்ணாச்சும் புதுசா இருக்கட்டும். இதும்மேல உன் கை பட்டுச்சின்னு வெய்யி, நான் பாட்டுக்குப் பூந்தமல்லியில எங்க தங்கச்சி ஊட்டுக்குப் போயிடுவேன். அங்க எல்லாம் புதுசு."

"தொட மாட்டேன்மே."

"விரலு?"

"விரலும்தான்."

அவர் வாக்கைக் காப்பாற்றினார் என்பதை நான் சாட்சியாகச் சொல்ல முடியும். அந்த வண்டியைக் கடக்கும்போதெல்லாம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். அருங்காட்சியகத்தில் நடப்பவர் போல இருக்கும். சில நேரம் நின்றுவிடுவார். கண் கைப்பிடியில் தொடங்கி, சீட்டின் ஓரம் வழியாக, கால் வைக்கும் பலகை வரை மெல்ல இறங்கும். எந்த இடம் எந்த வருடம் வெளுக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் தொடாமல் நடப்பார். நடந்தபின் பெருமூச்சு விடுவார்.

இந்த நேரத்தில்தான் கிளிக்கூண்டு வந்தது. கறுப்பு வெள்ளைக் காலத்துப் படம் ஒன்று. பெயர் வேண்டாம், சொன்னால் உங்களில் பாதிப் பேர் அதன் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கிவிடுவீர்கள். அதில் கதாநாயகி கிளி பறந்துபோன கூண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பெரிய வீடு ஒன்றின் அறை அறையாக நடப்பாள். அந்தக் கூண்டு வேண்டும் என்று கேட்டவர் அம்பத்தூரில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க்காரர்.

"அந்தக் கூண்டைப் பார்த்தா எனக்கு ஏனோ தூக்கம் வர்ற மாதிரியும் அழுகை வர்ற மாதிரியும் இருக்குதுங்க. அதே மாதிரி பண்ணிக் குடுத்துருங்க" என்றார்.

கூண்டு செய்தாகிவிட்டது. என்ன நிறம்? படத்தில் அது வெளிர் சாம்பல். நிஜத்தில் சாம்பலாக இருந்திருக்காது. துரு சார் குடியிருப்பு முழுக்கக் கேட்டுக்கொண்டு அலைந்தார். நான் பச்சை என்றேன். செயலாளர் காவி என்றார். "கறுப்பு வெள்ளப் படத்துல கறுப்பு இல்லன்னா வெள்ளதான் நைனா" என்றார் முனுசாமி. அக்காவைக் கேட்டதற்கு, "கூண்டு எந்தக் கலரா இருந்தா இன்னா, கிளிதான் பூடுச்சே" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

துரு சார் பல நிறங்களில் அட்டைத் துண்டுகளுக்குப் பெயிண்ட் அடித்தார். அவற்றை ஏரிக்கரையில் வரிசையாக வைத்து, செல்போனில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தார். பச்சையும் காவியும் ஒரே சாம்பலாகிவிட்டன. ரோஜா நிறமும் மஞ்சளும் எது எது என்று தெரியவில்லை. மாலை வெளிச்சத்தில் அவர் போனில் அந்தப் பெண் கூண்டோடு நடந்துகொண்டே இருந்தாள். போனை அணைத்துவிட்டு நிமிர்ந்தால், ஏரியும் அதே நிறத்தில் கிடந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவரும் அந்த வீட்டின் ஏதோ ஓர் அறைக்குள் போயிருந்தார்.

கடைசியில் ஒரு துண்டு பொருந்தியது. அது வானநீலம். எங்கேயோ பார்த்த நீலமாக இருக்கிறதே என்று துண்டோடு வந்தவர், மனைவியின் ஸ்கூட்டர் அருகே வந்ததும் நின்றார். அதே நீலம். ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்க, மறுகையால் துண்டை வண்டிக்கு அருகே, ஒட்டாமல், பிடித்துப் பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார். படுத்தும் பார்த்தார். பல நாள் இது நடந்தது. முனுசாமி கேட்டருகே நாற்காலியில் உட்கார்ந்து அனைத்தையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டியின் இடப்பக்கத் தகட்டில் ஒரு கீறல் இருந்தது.

முதலில் பார்த்தவர் அக்கா. மேலே போனார். கருநீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு பையோடு இறங்கி வந்தார். அதற்குள் செயலாளரும் முனுசாமியும் நானும் கூடியிருந்தோம். துரு சார் பிரஷ்ஷும் கையுமாக ஓடி வந்தார். வந்த கோலமே அவருக்கு எதிரான முதல் சாட்சி.

"நான் இல்லமே" என்றார்.

"நான் யாரையாச்சும் கேட்டனா?" என்றார் அக்கா.

செயலாளர் விசாரணையைத் தொடங்கினார். முனுசாமி சங்கடத்தோடு சாட்சி சொன்னார்: "பொய் சொல்ல முடியாது சார். தெனமும் வண்டியாண்ட குந்திகினு இருப்பாரு. நேத்து படுத்துகினுகூட இருந்தாரு."

"கலர் பாத்தேன்யா. கூண்டுக்குக் கலர் பாத்தேன். கை படவே இல்ல."

"பிரஷ்ஷு இருந்துச்சி இல்ல?" என்றார் முனுசாமி.

"பிரஷ்ஷு இல்லாம நான் எப்ப இருந்தேன்?"

இதற்குள் துரு சாரின் பார்வை கீறலின் மேல் விழுந்துவிட்டது. அதோடு அவர் வழக்கை மறந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். முகம் மலர்ந்தது.

"அடடா" என்றார் மெதுவாக. "இன்னாமா கீது பாரேன்."

செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். நான்கூட அந்த நொடியில் அவரைக் கைவிட்டேன். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட் வரை நடந்தார். பூந்தமல்லிக்குப் போகும் வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. துரு சார் நிமிர்ந்து பார்த்தார். மனைவி எங்கே போகிறார் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பிரஷ் கையிலிருந்து விழுந்தது.

ஆனால் தொழில் புத்தி யாரை விட்டது? கேட் வரை போன அக்கா திரும்பி வந்தார். பையைத் தரையில் வைத்தார். வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து, செல்போன் விளக்கைப் போட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்தார். கம்பெனியில் அத்தனை வருடம் சாய்த்த அதே சாய்வு. விரல் நுனியால் கீறலின் மேலேயே ஒருமுறை போய்வந்தார்.

"இது இவரு வேல இல்ல" என்றார்.

"எப்படிம்மா சொல்றீங்க?" என்றார் செயலாளர்.

"இவரு கீறுனா அதுக்கு ஒரு காரணம் இருக்கும் சார். சாவி ஒரசுற எடம், கால் படற எடம், கை புடிக்கிற எடம்னு பாத்துப் பாத்துக் கீறுவாரு. இது இன்னாத்துக்கு இங்க ஆரம்பிச்சி, இப்டிப் போயி, இங்க வந்து வளையுது? ஒரு காரணமும் இல்ல. எங்க கம்பெனியில லீவு கேட்டு வர்ற பொண்ணுங்கள நான் பாத்திருக்கேன். நெசமாவே காய்ச்சல்னா, காய்ச்சல்னு மட்டும்தான் சொல்லும். பொய்யின்னா வரிசையா காரணம் சொல்லும்."

சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்தார். "அதான்யா இத்தினி நாளா எனக்கு இடிச்சிது. உன் சாமான்ல எல்லாத்துக்கும் காரணம் கீது."

துரு சார் அடி வாங்கியவர் போல நின்றார். அவருடைய வாழ்நாள் விதியை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வாட்ச்மேன் முன்னிலையில், அக்கா ரிஜெக்ட் செய்துவிட்டார். ஆனால் அவர் முகத்தில் வருத்தம் இல்லை. நெடுநாள் தேடிய சாவி சட்டைப் பையிலேயே இருந்ததைக் கண்டவரின் முகம் அது.

"அப்ப பூந்தமல்லி?" என்று கேட்டார்.

"பைய எடுத்துகினு மேல போயா."

அந்தக் கீறலை யார் போட்டது என்று இன்றுவரை தெரியவில்லை. தண்ணீர் கேன் போடுகிறவர், பூனை, மேல்மாடிக் குழந்தையின் சைக்கிள் எனப் பல பெயர்கள் அடிபட்டன. செயலாளர் சுற்றறிக்கை ஒட்டினார். பயனில்லை. காரணமே இல்லாத கீறலுக்கு ஆள் எங்கிருந்து கிடைப்பான்?

அன்று ஒருநாள் மட்டும் வண்டியைத் தொட துரு சாருக்கு அனுமதி கிடைத்தது. முதலில் ஒரு பட்டர் பேப்பரை வைத்து, பென்சிலால் கீறலை அப்படியே பிரதி எடுத்துக்கொண்டார். பிறகு பட்டி பூசி, வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேய்த்து, பிரைமர் கொடுத்து, நீலம் அடித்தார். பீரோ காலத்துக் கை. எதையும் புதுசாக்கி அவரை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். முடிந்ததும் அக்கா விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "எங்க இருந்துச்சின்னே தெரில" என்று, குறை சொல்வது போன்ற குரலில் சொன்னார்.

கீறல் கிளிக்கூண்டுக்குக் குடிபெயர்ந்தது. எந்தக் கையும் படாத, எந்தச் சாவியும் உரசாத ஓரிடத்தில், காரணமில்லாமல் தொடங்கி, காரணமில்லாமல் வளைந்து நின்றது. அக்கா கூண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு அலமாரியைத் திறந்து, அந்த வீட்டில் ஒருமுறையும் மூடி திறக்கப்படாத பச்சைப் பேனாவை எடுத்தார்.

கூண்டு அம்பத்தூருக்குப் போனது. மறுநாளே கோயம்புத்தூர்க்காரர் போன் செய்தார்.

"எல்லாம் நல்லா இருக்குதுங்க. ஆனா அடியில சிவப்புப் புள்ளி இல்லீங்களே. பச்சையா இருக்குது. இது ஒரிஜினல்தானுங்களா?"

"ஒரிஜினலே இதான் சார்" என்றார் துரு சார்.

கோயம்புத்தூர்க்காரர் சமாதானமாகவில்லை. குழுவில் எல்லோரும் போலி என்கிறார்களாம். ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுத்தால் போதுமாம். துரு சார் அக்காவைப் பார்த்தார். "பாஸான பீஸ்ல செவப்பு வெக்க மாட்டேன்" என்று அக்கா சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல், எல்லாக் கீறலுக்கும் தக்க காரணம் வைத்து இன்னொரு கூண்டைச் செய்து, சிவப்புப் புள்ளியோடு அனுப்பினார்கள். அவருக்குப் பரம திருப்தி. திரும்பி வந்த பச்சைப் புள்ளிக் கூண்டு அவர்கள் வீட்டு ஜன்னலில் தொங்கியது. மாலையில் ஏரிப் பக்கத்து வெளிச்சம் அதன் வழியாக விழுந்து, கூடத்துச் சுவரில் கோடு கோடாக நகரும். அதைப் பார்த்துக்கொண்டு துரு சார் உட்கார்ந்திருப்பார். எந்த அறையில் இருக்கிறார் என்று கேட்க எனக்கு மனம் வந்ததில்லை.

பிறகு நாங்கள் வீடு மாறிவிட்டோம். போன மாதம் திருவேற்காடு சாலையில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது, வானநீல ஸ்கூட்டர் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. அன்று வாங்கியது போலவே மின்னியது. சீட்டில் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. முன்னால் அக்கா, சேலைக்கு மேல் அதே கருநீலக் கம்பெனிக் கோட்டு. பின்னால் துரு சார்.

"இன்னா சார், செருப்பு மாத்திட்ட போல" என்றார்.

நலம் விசாரித்தேன். வண்டி கிளம்பும்போது அவர் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார். பின்னால் கம்பி இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொள்ளலாமே என்றேன்.

"வண்டியத் தொடக் கூடாதுன்னு ஆர்டரு சார்."

அக்கா கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். வேலப்பன்சாவடிப் பக்கம் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டின் இடது தோளில், ஓர் உள்ளங்கை அளவுக்கு, நீலம் வெளுத்திருந்தது.